கூடு மாறிய பிறகு

நிலவறையில் யாருடைய துணியோ சுழல்கிறது.
சுவரில் சவுனா முறைப்பட்டியல்:
வியாழன், எட்டு மணி, மூன்றாம் மாடி.
ஔலுவில் சூரியன் இரண்டரைக்கே கிளம்பிப் போயாயிற்று.
மேசைமேல் பென்சிலில் வரைந்த கோட்டை,
அதன் அகழியில் சிந்திய காப்பி.

ராய்லி பேருந்து ஓட்டுபவள்.
எங்கள் கதையில் குறளினத்தாள்:
இடுப்பளவு உயரம், செருப்பில்லாத கால், காட்டு மந்திரம்.
இப்போது கூடு விட்டுக் கூடு பாய்ந்து
சிலந்தி.
பூட்டுத் துளை வழியே கருவூலத்துக்குள் போய்
உத்தரத்தில் தொங்குகிறாள்.
கீழே காவலன், தீவட்டியுடன்.

உருட்டினாள்.
இருபது முகப் பகடை
சலவைக்கூடை வரை ஓடிப்போய்
ஒன்று காட்டி நின்றது.

"மறுபடி உருட்டுவேன்.
ஒன்று விழுந்தால் இன்னொரு முறை,
அது என் இனத்தின் பிறவிக்குணம்."
"குறளருக்கு" என்றான் ஓய்வா,
"சிலந்திக்கு இல்லை."

கதை நடத்துபவன் நான், தீர்ப்பு என் தலையில்.
புதிய உடம்பு தாங்குமென்றால்
பழைய குணம் தங்கும் என்கிறது விதி.
இதுவரை சிரமமில்லை.
ஹில்ப்பாவின் நெருப்பு மூச்சு தொண்டையின் சொத்து,
எலித்தொண்டையில் எப்படி எரியும் என்றேன், ஒப்புக்கொண்டாள்.
இருட்டில் தெரிவது கண்ணின் வேலை,
கண் போனால் அதுவும் போச்சு என்றேன்.
ஓய்வாவின் சுரங்கக் குள்ளன் கரடியாகி
நான்கு முறை பாறையில் முட்டிக்கொண்டான்.
அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அதிர்ஷ்டம்?
அது எந்த உறுப்பு?
எட்டில் எந்தக் காலில் கட்டியிருக்கிறது?

ராய்லி காப்பிக் கோப்பையை நகர்த்தினாள்.
"செவ்வாய்க்கிழமை, பாலத்து இறக்கத்தில் வழுக்கியது.
பின்பாதி என்னை முந்திக்கொண்டு வந்தது.
நாற்பது பேர். கைப்பிடிச் சுவருக்கு
ஒரு சாண் இருக்கையில் நின்றது.
அந்த நேரம் என் உடம்பு
பதினெட்டு மீட்டர் நீளம், கதவு மட்டுமே நான்கு.
அதிர்ஷ்டம் யாருடையது, பேருந்துடையதா?"

"குளிர்கால டயர்" என்றான் ஓய்வா.
சொன்ன பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சலவை எந்திரம் உதறி உதறி ஓய்ந்தது.
உருட்டு என்றேன்.

மூன்று.

அதுவும் போதாது. காவலன் தலை தூக்குகிறான்,
நூலின் நுனியில் தீவட்டி வெளிச்சம் ஏறுகிறது.
ராய்லி சிரித்தாள்.
"ஒன்றைவிட இரண்டு அதிகம். போதும், பிடிக்கட்டும்."

அப்போது பார்த்து
நிலவறை விளக்கு தானாக அணைந்தது,
பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அணைவதுபோல.
சுவிட்ச் படிக்கட்டுப் பக்கம்.
யாரோ எழுந்து நடக்கும் சத்தம்.
"அப்படியானால்" என்றது ஓய்வாவின் குரல்,
"என் கரடியின் கண்..."

சலவைக்கூடை சாய்ந்தது.