ஐஸ்பெட்டி

சோஹார் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டு.
ஏ.சி. பதினெட்டில் ஓடும்.
சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்.
கீழே கன்டெய்னர் ஊசலாட
நெஞ்சுக்குள் யாரோ
பூட்டிய கதவைக் குத்துவார்கள்,
கால் மணி நேரம்.
பிறகு ஒன்றுமில்லை.
விரல்கள் மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும்.

டென்ஷன், உப்பைக் குறை என்றார் கம்பெனி டாக்டர்.
உனக்கு உயரம் ஆகாது என்றார் ஃபோர்மேன்.
நஜ்முதீன் ஓதிய தண்ணீர் தந்தான்.
மனைவி போனில் கேட்டாள்:
"எங்கிட்ட எதை மறைக்கிறீங்க?"
பதினோரு வருடம் கிரேன் ஓட்டியவன்
பயந்தாங்கொள்ளிதான் போல என்று
நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஓர் இரவு, அது அடங்குமுன்
நர்ஸ் பட்டையைச் சுற்றிவிட்டாள்.
இருநூற்று முப்பது.
மெஷின் பழுது என்று
வேறொன்று எடுத்து வந்தாள்.
அதுவும் அதையே சொன்னது.

மஸ்கட்டில்
இந்த ஒரு சுரப்பிக்கென்றே
மூன்று அறைகள், ஒரு நீளமான பெஞ்சு.
"இங்கே நீங்கள் பத்தாவது ஆள்" என்றார்
டாக்டர் பஸ்மா,
விருந்தாளியிடம் சொல்வதுபோல.
பெரிய கேன் ஒன்று தந்தார்.
ஒரு பகல், ஒரு இரவு,
போகும் சிறுநீர் அத்தனையும்.
குளிரில் வைக்க வேண்டும்.
காபி கூடாது, வாழைப்பழம் கூடாது.

கேம்ப் ஃபிரிட்ஜ் ஆறு பேருக்குப் பொது.
மத்திச் சட்டிக்கும் ரஃபிக்குலின் தயிருக்கும் நடுவில்
கேனை நிறுத்தினேன்.
"ஆன்றோ. தொடாதே."
தமிழில், மலையாளத்தில், இந்தியில்.
வங்காளத்தில் ரஃபிக்குலே எழுதிக் கொடுத்தான்,
என்ன என்று கேட்காமல்.

காலையில் மீன் ஐஸ்பெட்டிக்குள் வைத்து
ஷேர் டாக்சியில் மடியோடு பிடித்துக்கொண்டேன்.
"சமக்?" என்றார் டிரைவர்.
மீன்தான் என்று தலையாட்டினேன்.
பர்கா தாண்டியும் வியந்துகொண்டிருந்தார்:
நல்ல மீன், வாடையே இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் திரையைத் திருப்பினார் டாக்டர்.
வலது சிறுநீரகத்துக்கு மேல்
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வெளிச்சம்.
"நீங்கள் பயப்படவில்லை.
பயத்தைத் தயாரிக்கிற இடம்
உங்களுக்குள் ஒன்று கூடுதலாக இருக்கிறது."
அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.
ஒன்பது பேர் அழுத பெஞ்சாக இருக்கும்,
வார்னிஷ் போயிருந்தது.

அறுப்பதற்கு முன் மாத்திரைகள்.
தண்ணீர் நிறைய. உப்பையும் கூட்டச் சொன்னார்.
"சில குடும்பங்களில் இது இறங்கிவரும்.
பிள்ளைகள் உண்டா?"

ஒருத்தி. ஒன்பது வயது. ஃப்ளோரா.

இன்று ஊரில் ரிசல்ட்.
கூண்டில் ஏ.சி. பதினெட்டு.
தையல் ஆறி நாலு மாதம்.
போன் அதிர்கிறது.
நெஞ்சும் அதே கதவை அதே மாதிரி குத்துகிறது.

விரல்களைப் பார்த்தேன். நிறம் இருந்தது.
இது என்னுடையதுதான்.

கன்டெய்னரை லாரிமேல் வைத்து
நாலு பூட்டும் விழுந்ததைக் கேட்டுவிட்டு
போனை எடுத்தேன்.