சட்னிக்கு வலது மூக்கு

முப்பத்தைந்து முறை கதிர் என்றார்கள்.
பத்தொன்பதாவது நாள்
முகமூடி தளர்ந்துவிட்டது.
சுடச்சுட வலையை என் முகத்தில் அழுத்தி
அளவெடுத்துச் செய்தது அது.
மேசையோடு மாட்டிவிட்டால்
தாடைகூட அசையாது.
அன்று அதற்குள் ஒரு விரல் நுழைந்தது.
"மெலிஞ்சிட்டீங்கக்கா. அளவு மாறினா
கதிர் வேற இடத்துல விழும்"
மிஷின் அறைப் பெண் சொன்னாள்,
ரவிக்கை தைப்பவள் மாதிரி.

அதுவரை ட்யூபுக்கு என் பதில் ஒன்றுதான்:
வேண்டாம்.
டாக்டரிடம் வேண்டாம். தனபாலிடம் வேண்டாம்.
பக்கத்துக் கட்டில் ஓமலூர்க்காரர்
குழாயும் கையுமாக என்னைப் பார்த்துச் சிரிப்பார்,
அவரிடமும்.
இருபத்திரண்டு வருஷமாக அம்மாப்பேட்டையில்
தட்டுவடை செட் போடுகிறவள் நான்.
இரண்டு வடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம்,
ஒரு பக்கம் மல்லிச் சட்னி, மறுபக்கம் பூண்டு மிளகாய்.
ஊர் வாயை நம்பி ஓடுகிற வண்டி.
அந்த வண்டிக்காரி மூக்கால் சாப்பிடுவதா?

மோர் குடித்தால் கண்ணாடித்தூள்.
ஒரு இட்லியைக் கரைத்துக் குடிக்க ஒன்றரை மணி நேரம்.
பாதியை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு
"ஆச்சு" என்பேன்.
தராசுக்குப் பொய் தெரியாது.
அறுபத்தொன்று. ஐம்பத்து நாலு.
நாற்பத்தெட்டு.

முகமூடிக்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.
மனசு மாறியெல்லாம் இல்லை.

ஜெசிந்தா சிஸ்டர், ஏற்காட்டுக்காரி,
குழாயை மூக்குக்குள் தள்ளிக்கொண்டே
"முழுங்குங்க, முழுங்குங்க" என்றாள்
முழுங்க முடியாதவளைப் பார்த்து.
சிரிப்பு வந்தது.
சிரிப்போடு சேர்ந்து குழாயும் இறங்கிவிட்டது.
அன்று ராத்திரியே பிடுங்கிப் போட்டேன்.
காலையில் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
புதுசு ஒன்றைப் பிரித்தாள்.

ஜவ்வரிசிக் கஞ்சியில்தான் முதல் அடைப்பு.
சேலத்துக்காரிக்கு வேறெதில் அடைக்கும்?
வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டணும்,
முன்னும் பின்னும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விடணும்.
சிரிஞ்சை உயர்த்தினால் வேகம்,
தாழ்த்தினால் நிதானம்.
என் பசி இப்போது
தோளுக்கும் நெற்றிக்கும் நடுவில் ஒரு சாண்.

வீட்டில் "சாப்பிட்டியா" நின்றுபோனது.
"ஊத்தியாச்சா?" என்றார்கள்,
செடிக்குக் கேட்பதுபோல.
கோபத்தில் ஒருநாள் சிரிஞ்சை எறிந்தேன்.
அது உடையக்கூட இல்லை.

மே மாசம். சுகந்தி மல்கோவா அடித்து
நார் இல்லாமல் வடித்து ஊற்றினாள்.
வயிறு நிறைந்தது.
நாக்குக்குத் தகவலே போகவில்லை.
கால் மணி கழித்து ஒரு ஏப்பம்.
அதில் வந்தது பழம்,
காம்புப் பால் வாசம் வரைக்கும் முழுசாக.
அடுப்படியிலேயே உட்கார்ந்து
அடுத்த ஏப்பத்துக்குக் காத்திருந்தேன்.

கதிர் முடிந்து பன்னிரண்டாம் நாள்
வண்டிக்குப் போனேன்.
முந்தானையால் முகத்தை மூடிப் பார்த்தேன்;
வெங்காயம் நறுக்க ஒரு கை குறைந்தது.
விட்டுவிட்டேன்.
காலேஜ் பையன்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு
அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள்.
ஒரு பெண் காசு கொடுத்துவிட்டுச் சாப்பிடாமலே போனாள்.
மற்றவர்களுக்குப் பசி.

நாலு மணிக்குக் குடைக்கம்பியில்
சிரிஞ்சை மாட்டிக்கொள்கிறேன்.
அவர்கள் நொறுக்கென்று கடிக்கிறார்கள்,
எனக்குச் சத்தமில்லாமல் இறங்குகிறது.

இடது மூக்கு கஞ்சிக்கு.
வலது மூக்கு சட்னிக்கு.
தனபால் அரைத்ததும்
மிக்ஸி மூடியை என் முகத்தருகே நீட்டுவார்.
பூண்டு காணாது, ஜாடை காட்டுவேன்.
மல்லி நேற்றையது. மிளகாய் போதும்.

உப்பை மட்டும் முகர முடிவதில்லை.
அதற்கு
முதல் செட் வாங்குகிறவரைப் பார்த்தபடி நிற்கிறேன்,
அவர் கடித்து
மென்று
தொண்டை ஒருமுறை மேலேறிக்
கீழிறங்கும் வரைக்கும்.