ஐந்தாவது ஏன்

யீஷூன் எம்.ஆர்.டி.யில் இறங்கும்போதே
கைப்பேசி சொல்லிவிட்டது:
வார்டு ஒன்பது, படுக்கை பதினேழு,
திரு கோ பூன் ஹெங், எழுபத்தெட்டு வயது,
விடியற்காலை நான்கு எட்டுக்கு விழுந்தார்.
இடுப்பெலும்பு.

விழுந்தவரைத் தூக்குவது என் வேலை அல்ல.
தூக்கிய பிறகு வருவேன்.
தர மேம்பாட்டுப் பிரிவு என்று கழுத்து அட்டையில் இருக்கிறது.
தாதிகள் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் வேறு,
அதை இங்கே எழுத மாட்டேன்.

வெள்ளைப் பலகையில் மீன்முள் வரைந்தேன்.
யாரையும் குற்றம் சொல்ல இங்கே கூடவில்லை என்றேன்.
இதைச் சொல்லும்போதெல்லாம்
எதிரில் இருப்பவர்களின் முதுகு
கூண்டில் ஏற்றப்பட்டதுபோல் நிமிர்ந்துகொள்கிறது.

ஏன் விழுந்தார்?
கழிவறைக்குத் தனியாக நடந்தார்.

ஏன் தனியாக?
மணியை அழுத்தியிருக்கிறார். பதிவில் இருக்கிறது.
மூன்று ஐம்பத்தாறுக்கு ஒருமுறை,
நான்கு மூன்றுக்கு இன்னொரு முறை.
அப்புறம் இல்லை.
நாற்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர்,
அவசியமில்லாமல் ஹாரன் அடித்ததே கிடையாது என்றாள் மகள்.
இது காரணமாகாது. எந்த முள்ளிலும் ஒட்டாது.
ஆனாலும் பலகையின் ஓரத்தில்
சின்ன எழுத்தில் எழுதிவைத்தேன்.

ஏன் யாரும் வரவில்லை?
ரோவெனாவின் கண் வாய்க்கு முன்னால் பேசிவிட்டது.
வந்தாளாம். முதல் மணிக்கே வந்தாளாம்.
இருங்கள் அங்கிள் என்று சொல்லிவிட்டு
கழிப்பு நாற்காலி எடுக்கப் போனாளாம்.
பன்னிரண்டு நிமிடம்.

அங்கே நான் பேனாவை மூடினேன்.
உட்கார்ந்த இடத்தில் எந்த ஏனுக்கும் கால் முளைக்காது.
அவள் போன வழியில் போனேன்:
மின்தூக்கியைத் தாண்டி, குறியீடு கேட்கும் கதவைத் தாண்டி,
எட்டாம் வார்டின் கோடி வரை
இருநூற்றுப் பதினான்கு அடி வைத்தேன்.
திரும்பும்போது நாற்காலியின் ஒரு சக்கரம்
கடைக்கு வர மறுக்கும் குழந்தை மாதிரி
வேறு பக்கம் இழுத்தது.

இவ்வளவு தூரத்தில் ஏன்?
பதினேழாம் படுக்கைக்கு எதிரிலேயே ஓர் அறை இருக்கிறதே?
"இருந்தது," என்றார் தலைமைத் தாதி ஹஸ்லினா.
வேறெதுவும் சொல்லாமல் சாவியை நீட்டினார்.

உள்ளே
மடித்து வைத்த ஏழு காட்சிப் பலகைகள்.
நான்கு மொழிகளில் துண்டுப் பிரசுரம், பெட்டி பெட்டியாக.
வீழ்ச்சி தடுப்பு வாரம், போன வருடத்தது.
தமிழ் வாசகம் என்னுடையதுதான்:
உதவிக்கு அழையுங்கள், நாங்கள் அருகில் இருக்கிறோம்.
கதவின் உட்புறம் ஒரு தாள்:
'தற்காலிகமாக.' என் கையெழுத்து.
பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

வரைந்த மீனின் முள்
வரைந்தவன் தொண்டையில் நின்றது.

கூட்டத்துக்குத் திரும்பி
ஐந்தாவது ஏனுக்கு நேரே என் பெயரை எழுதினேன்.
ஆள் பெயர் எழுதக் கூடாது என்று
எனக்கே நினைவூட்டினாள் ரோவெனா.
அழித்துவிட்டு, 'இடம்' என்று எழுதினோம்.
அழித்த தடம் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

பலகைகளை அன்று மாலையே கீழே இறக்கினோம்,
நானும் சுமைவண்டிக்காரர் குணநாதனும்.
அவர் ஒரு ஏனும் கேட்கவில்லை.
இருநூற்றுப் பதினான்கு பத்தொன்பது ஆயிற்று.
ஒரு வார்டு, ஒரு வாரம், பார்க்கலாம் என்றோம்.
வரைபடத்தில் புள்ளிகள் இறங்கின.
வியாழக்கிழமை மட்டும் ஒரு புள்ளி எகிறிக் குதித்தது,
காரணம் தெரியவில்லை.
அதை அழகுபடுத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

அருமை, மாநாட்டுக்கு இதையே
ஒரு காட்சிப் பலகையாக்குங்கள் என்கிறார் இயக்குநர்.
எங்கே வைப்பது என்று நான் கேட்கவில்லை.

திரு கோ அறுவை முடிந்து வந்திருந்தார்.
மணியின் கம்பி கையில் இருந்தது.
என்னைப் பார்த்து ஹொக்கியனில் ஏதோ கேட்டார்,
கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே
தொடாமல் நின்றது.

அழுத்துங்கள் என்றேன், தமிழில்.

விளக்கு எரிந்தது.
நான் எண்ணத் தொடங்கினேன்.