பல்லால் நூலறுப்பவள்

முதல் ஞாயிறே அவள் செத்துப்போனாள்.
காதர்பேட்டை, மூன்றாம் மாடி.
வேஸ்ட் துணி மூட்டைகளை ஓரங்கட்டிவிட்டு
நாங்கள் பதினொரு பேர்.
சென்னியப்பன் கொண்டுவந்த ஹார்டு டிஸ்கில்
கடைசிப் படம்தான் முதலில் திறந்தது.
எழுபத்திரண்டு வயது சொலாஞ்ச் ப்ரெவால்
ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தபடி
ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு
அடுத்ததைச் சொல்லாமல் விடுகிறாள்.
சொன்னதற்குத் தமிழ் போட்டவள் நான்.

எனக்குப் பிரெஞ்சு வந்தது பையர் வழியாக.
லீல் நகரத்து ஆபீஸ் மெயில்களில்
கழுத்துப் பட்டி, கைச்சுற்று, சாயம் போகிறது,
தாமதம், மறுபடியும் தாமதம், வருந்துகிறோம்.
காதலுக்கான சொற்களை
அப்புறம்தான் தேடிப் படிக்கவேண்டியிருந்தது.

அடுத்த மாதம் அவளுக்கு ஐம்பத்தைந்து, நீதிபதி அங்கி.
அதற்கடுத்து நாற்பது.
அந்தப் படத்துக்கு முன்னால் மூன்று வருஷம்
யாரும் கூப்பிடவில்லையாம்.
சோப்பு விளம்பரத்தில் கை மட்டும் நடித்ததாம்.
கல்யாணம் பண்ணிக்கொண்ட டைரக்டர்
அவள் முகத்தை க்ளோசப்பில் ரொம்ப நேரம் வைத்திருந்தான்,
வீட்டில் அத்தனை நேரம் பார்த்ததில்லையாம்.
சென்னியப்பன் இதைச் சொல்லும்போது
கீழே ஜெனரேட்டர் எடுத்துவிட்டார்கள்.
பாதி கேட்கவில்லை.

நொய்யல் ஒருநாள்
ஒரத்துப்பாளையத்திலிருந்து மேற்கே ஏறி
வெள்ளியங்கிரிக்குப் போனால் எப்படியிருக்கும்,
சாயம் ஒவ்வொன்றாகக் கழன்று?
அப்படி வந்துகொண்டிருந்தாள்.

பிரெஞ்சில் மரியாதைக்கு ஒரு 'நீ', நெருக்கத்துக்கு ஒரு 'நீ'.
நம் பக்கத்தில் அதற்கு மேலும் ஒரு 'ங்' இருக்கிறது.
முப்பத்தொரு வயதில் சீமாட்டி வேஷம்,
அவள் வாயில் நான் போட்டேன்:
'எனக்கு வெசனமெல்லாம் ஒண்ணுமில்லீங்.'
பாரிஸ்காரி பல்லடத்துப் பேச்சு பேசறா என்று சிரித்தார்கள்.
பொதுத்தமிழில் போட்டிருக்கலாம் என்றான் சென்னியப்பன்.
எழுபத்தெட்டாம் நிமிஷம்,
கதவைப் பிடித்தபடி அவனிடம் சொல்லும் 'வாங்'
தேய்ந்து
'வா' என்று ஆனது.
மூட்டைமேல் உட்கார்ந்திருந்த கனகாத்தாள்
முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.
பொதுத்தமிழ் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

ஆனால் நான் பார்த்தது வேறு.
அதே படம். விருந்துக்குக் கிளம்புகிறாள்.
பட்டுக் கைவிளிம்பில் ஒரு நூல் தொங்குகிறது.
பார்க்காமலே கோரைப்பல்லில் மாட்டி
வெடுக்கென்று அறுத்து
நாக்கு நுனியால் துண்டைத் தள்ளி
'ப்பூ' என்று பக்கவாட்டில்.
ஒரு நொடியும் இல்லை.
பதினாலு தடவை பின்னால் ஓட்டினேன்.
எந்தச் சீமாட்டி அப்படி அறுப்பாள்?
ட்ரிம்மர் அடுத்த டேபிளில் இருக்க
பீஸ் ரேட் ஓடிக்கொண்டிருக்க
எழுந்து போக நேரமில்லாதவள் அறுப்பாள்.

போன ஞாயிறு கடைசி. அதாவது முதல் படம்.
டைட்டிலில் பெயர் இல்லை.
ரூபே ஊர், செங்கல் புகைபோக்கி,
மில் கேட் திறக்கிறது, ஷிஃப்ட் விடுகிறது.
கூட்டம் வேண்டும் என்று
உள்ளே வேலை பார்த்தவர்களையே நடக்கச் சொன்னார்களாம்.
நடிக்க வரவில்லை அவள்.
வேலை முடிந்து வெளியே வந்தாள், அவ்வளவுதான்.
மூன்றாம் வரிசை, பத்தொன்பது வயது,
தலைமுடியில் பஞ்சு.
கேமராவை நேராகப் பார்த்துவிட்டாள்.
பார்க்கக்கூடாது என்பது ஞாபகம் வந்து
பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லித் திரும்புகிறாள்.
சத்தம் இல்லை அந்த இடத்தில்.
வசனத்தாளில் ஒன்றும் இல்லை.

இரண்டு நொடி இருந்தது.
நான் போட்டேன்:
'கால் வலிக்குதுங்க்கா. பஸ்ஸு போயிருக்குமா?'

விளக்குப் போட்டதும் சென்னியப்பன் கேட்டான்,
அவ அப்படியா சொன்னா?
உதட்டைப் பாருங்க என்றேன்.
ஓட்டிப் பார்த்தான். மறுபடியும் ஓட்டினான்.
கனகாத்தாள், ஆமா, அதான் சொல்றா என்றாள்.

மூட்டைகளைப் பழையபடி நடுவில் இழுத்துப் போட்டோம்.
திங்கட்கிழமை ஷிப்மெண்ட்.
நாலாயிரம் பீஸ், லீலுக்கு.