ஊற்றியவன் இறங்கக் கூடாது

இரண்டு அவுன்ஸ் பெப்பர்மின்ட் தைலம்,
பின்னாலேயே ஒரு வாளி கொதிநீர்.
ஊற்றிய கையோடு குழாயின் வாயைச்
சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட வேண்டும்.
ஊற்றியவன் இறங்கக் கூடாது.
அவன் மேலெல்லாம் வாசனை.
அவன் உள்ளே போனால்
வீடு முழுக்க ஒழுகுகிறது என்று
எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஆகவே நான் கூரையில்.
அபர்டீன், மார்ச் மாதம்.
கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து
எதிர்வீட்டுப் புகைபோக்கிகளை
ஒவ்வொன்றாகத் தின்கிறது.
ஒரு கடற்காகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது,
என்னை மோந்தது,
அடுத்த கூரைக்குப் போய்விட்டது.

கீழே எபனேசர் ஷேன்.
எங்கள் இருவரில் மூக்கு அவனுக்குத்தான்.
புகையிலை தொடமாட்டான்,
சோதனை நாளில் வெங்காயமும் கிடையாது.
ஜன்னல்களைச் சாத்திவிட்டு
அறை அறையாக, தரையோடு தரையாக
ஊர்ந்து மோப்பம் பிடிப்பான்.
எந்த வீட்டிலும் முதலில் சிரிப்பார்கள்.
இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பழைய சாக்கடையைத் தோண்டியது நாங்கள்தான்.
செங்கல் வாய்க்கால். அடியே இல்லை.
சமையலறைக்குக் கீழே முழங்கால் ஆழம் கறுப்புச் சேறு.
இருபது வருடம் அதன்மேல் நின்று
ரொட்டி சுட்டிருக்கிறார்கள்.
அக்டோபரில் பையன் போனான்,
தொண்டை அடைப்பான்,
ஹியூயி, ஏழு வயது.
சாக்கடைக் காற்று என்றார் மருத்துவர்.
காற்றோ வேறெதுவோ,
திருமதி லம்ஸ்டன் பியானோவை விற்றாள்.
மெருகேற்றிச் சுட்ட மண்குழாய்,
நாற்பத்தொரு இணைப்பு,
ஒவ்வொன்றிலும் சிமென்ட் பூசியது என் விரல்.
ஆகையால் கூரையில் நடுக்கம்
குளிரால் மட்டுமல்ல.

முதல் குரல் பின்கட்டிலிருந்து.
“பாத்திரம் கழுவுற இடம்.”
“எங்கே?”
“தொட்டிக்கு அடியில.
கட்டைவிரல் அகலம் விட்டுட்டே, மட்ச்.”
விட்டேன்தான். அன்றைக்கு மழை.
மழையைச் சொன்னால் ஓட்டை மூடிக்கொள்ளுமா?

அடுத்த குரல் வர நேரமாயிற்று.
கூரைச் சாளரத்தைத் திறக்காமல்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து:
“மாடி. வடக்கு அறை.
மெலிசாத்தான். ஆனா அதேதான்.”
“அங்கே குழாயே போகலையே.”
“தெரியும்.”

சுவரைத் தட்டினான்; கேட்டது.
பலகை பெயர்த்தான்;
ஆணி அலறியது கூரை வரை கேட்டது.
பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.
மேலே இருப்பவனுக்கு
அதைவிடக் கொடுமை கிடையாது.
நாற்பத்தொரு இணைப்பையும்
மனசுக்குள் மறுபடி பூசினேன்.
பதினேழாவதில் எண்ணிக்கை தவறி
மறுபடி முதலிலிருந்து.

எபனேசர் வாய் திறந்தது
வண்டியில் திரும்பும்போதுதான்.
பலகைக்குக் கீழே தூசி, காய்ந்த எலி.
அலமாரியைத் திறந்தது அவளாம்.
சாம்பல் நிறக் குட்டைக் கோட்டு,
இடது பையில் காகிதப் பொட்டலம்,
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட
மூன்று பெப்பர்மின்ட் மிட்டாய்,
ஒன்று பாதி சப்பியது.

“நீ என்ன செஞ்சே?”
“பலகையைத் திரும்ப அடிச்சேன்.”
“அவ?”
“கதவைச் சாத்துன்னா.
வாசனை போயிடுமாம்.”
குதிரை குளம்படி நூறு கேட்டிருக்கும்,
அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

சிமென்ட் காய்ந்ததும்
வியாழக்கிழமை மறுசோதனை.
மறுபடி தைலம், மறுபடி கொதிநீர்,
மறுபடி நான் மேலே.
வடக்கு அறையைப் பூட்டி வைத்திருந்தாள்.
எபனேசர் சாவி கேட்கவில்லை.
நகராட்சிப் படிவத்தில் எல்லா அறைக்கும்
கசிவு இல்லை என்று எழுதினான்,
எழுதிய மையை ஊதினான்,
என்னிடம் நீட்டினான்.
கையெழுத்துப் போட்டேன்.

அன்று இரவு வீட்டில்
என் சின்னவள் ஓடிவந்து என்னை மோந்தாள்.
கோட்டுப் பை இரண்டையும் துழாவினாள்.
“எங்கே?” என்றாள்.
எனக்கும் சந்தேகமாகிவிட்டது.
அவள் கையை எடுத்ததும்
நானும் ஒருமுறை விட்டுப் பார்த்தேன்.