வியாழன், போய்வர ஒரு டிக்கெட்

கலாமாவில் என் கடைக்கு வருகிறவர்கள்
கடலைக் கேட்பார்கள்,
இல்லாவிட்டால் மகள் வேலை பார்க்கும் சாந்தியாகோவை.
அனிசெத்தோ கோல்கே
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து
"தரை இல்லாத ஊர் ஏதாவது உண்டா?" என்றார்.

முப்பத்தெட்டு வருடம் செம்புச் சுரங்கம்.
ஓய்வுப் பணம் நேற்றுத்தான் வந்திருக்கிறது.
நகக்கண்ணில் இன்னும் பச்சை.

மதியம் மூன்று மணி. கடையில் மின்விசிறிக்கு மட்டும்தான் வேலை.
விளையாட்டாகச் சொன்னேன்:
"வியாழன் இருக்கிறது."
"கிழமையா?"
"கோள். கிழமைக்குப் பெயர் கொடுத்ததே அதுதான்."

அவர் சிரிக்கவில்லை.
ஆகவே மற்ற ஊர்களுக்குச் சொல்வதுபோலவே
சொல்ல வேண்டியதாயிற்று.

"பூமி மாதிரி ஆயிரத்து முந்நூறு உள்ளே போகும்.
கால் வைக்க ஒரு சாண் கிடையாது.
மேகம். மேகத்துக்குக் கீழே மேகம்.
வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை கிழக்கே ஓடும்,
செங்கல் நிறத்தில் ஒன்று மேற்கே."

மேகம் என்றதும் நாற்காலி முன்னால் நகர்ந்தது.
இந்தப் பாலையில் பிறந்தவர்களுக்கு அது வெளிநாட்டுச் சரக்கு.
மழையை வரையச் சொன்ன டீச்சரிடம்
மேலிருந்தா, பக்கவாட்டிலா என்று கேட்டவள் நான்.

"தங்க?"
"பலூன் விடுதி. சூடேற்றிய ஹைட்ரஜனில் மிதக்கும்.
நாள் சின்னது, பத்து மணி நேரம்கூட இல்லை.
ஒரு வாரத்துக்குக் கட்டினால் பதினேழு விடியல்."
"பதினேழு."
விரல்விட்டு எண்ணினார்.
"இரவு ஷிப்ட்காரனுக்குப் பாக்கி நிறைய இருக்கிறது" என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுவது தொழில் தர்மம்.
உடம்பு இரண்டரை மடங்கு கனக்கும்,
கட்டிலை விட்டு எழுவதே ஓர் உல்லாசப் பயணம்.
மேல்மேகத்தில் அமோனியா.
"வெடிமருந்துக் கிடங்கு வாடை" என்றார், "பழகிவிடும்."
சிவப்பாக ஒரு புயல், பூமியையே விழுங்கும் அகலம்,
வருடாவருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது,
"போவதென்றால் சீக்கிரம் போய்விடுங்கள்" என்று
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
எல்லா ஊருக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

பிறகு கேட்டார்:
"கை நழுவினால்?"
"விழுவீர்கள்."
"எதன் மேல்?"

கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தேன்.
"எதன் மேலும் இல்லை.
மேகம் அடர்ந்து, சூடேறி,
காற்றே மெல்ல மெல்லத் திரவமாகிவிடும்.
எந்த இடத்தில் என்று
யாராலும் கோடு கிழிக்க முடியாதாம்."

மேசைக் கண்ணாடித் தூசியில்
விரலால் ஒரு கோடு கிழித்தார்.
அது அப்படியே நின்றது.

"லீனோ விழுந்தபோது சத்தம் கேட்டது."

லீனோ யாரென்று நான் கேட்கவில்லை.
மின்விசிறி அவர் பக்கம் திரும்பி,
என் பக்கம் திரும்பி,
மறுபடி அவர் பக்கம் போனது.

நாற்பதாயிரம் பேசோ எண்ணி வைத்தார், முன்பணம்.
வேண்டாமென்று தள்ளினேன்.
"ரசீது" என்றார்,
சம்பளக் கவுன்ட்டரில் கேட்கிற அதே குரலில்.
எழுதினேன்:
பெயர். அடையாள எண். போகுமிடம், வியாழன்.
தேதிக் கட்டத்தை விட்டுவிட்டேன்.
அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்,
நாலாக மடித்து அதற்குள் வைத்துக்கொள்ள.

ஷட்டரை இழுக்கும்போது மணி எட்டு.
சுரங்கத்தின் கழிவுமண் மலைக்கு மேலே வியாழன்,
யாரோ மறந்து அணைக்காத விளக்கு.
எதிர்ப் பெஞ்சில் அவர், அண்ணாந்தபடி,
மேற்குப் பக்கம்.
அங்கே இருப்பது வெள்ளி.
சாலையைக் கடந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. அதுவும் மேகம்தானே, முழுக்க மேகம்.
ஆனால் அதற்கு அடியில் தரை இருக்கிறது.

பணம் தனி உறையில்.
மாதக் கணக்குப் பார்க்க வந்த மிரெயா
ரசீதின் அடிக்கட்டையில் பென்சிலால் கேட்டிருக்கிறாள்:
எந்த வியாழன்?