மூன்றாவது பிம்பம்

முட்டத்தில் தங்கச்சி கல்யாணம்.
பந்தலுக்குப் பின்னால்
அடுக்கி வைத்த நாற்காலிகள் மேல்
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
சிலியிலிருந்து நேற்றைய அளவுகள் வந்துவிட்டன.

ஒரே குவாசர், நான்கு புள்ளிகள்.
இடையில் ஒரு விண்மீன் மண்டலம்
தன் எடையால் வெளியை வளைத்து நிற்கிறது.
நான்கு வழியில் வந்தாலும்
வெளிச்சம் ஒரே சேதியைத்தான் சொல்லும்.
ஒன்று மட்டும் பதினொரு நாள் பிந்தும்,
குவைத்துக்குப் போன கல்யாணக் கடிதம் போல.

பிந்தலைக் கழித்தேன்.
மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்தன.
மூன்றாவது பிம்பத்தின் கோடு மட்டும்
தடைக்காலத்தில் ஏறத் தொடங்கி
ஐப்பசி வரை இறங்கவேயில்லை.

"ஏதோ குறுக்க போயிருக்கு,"
சாம்பார் வாளியோடு எட்டிப் பார்க்கிறான் ஜெனிஸ்லாஸ்.
விளக்கில்லாத வள்ளத்தை,
கலங்கரை விளக்கின் கீற்றை அது மறைக்கும் நொடியில்
கண்டுபிடிக்கிறவன்.
"ஆனா குறுக்க போனா மங்கத்தானே செய்யும்?
இது கூடுதே மக்கா."

பதில் சொல்ல வாய் திறந்தேன்.
யாரோ கை உதறிவிட்டுப் போனார்கள்.
திரையின் வெள்ளையில் ஒரு சொட்டுத் தண்ணீர்.
சொட்டுக்குள் வெள்ளை இல்லை.
சிவப்பு, பச்சை, நீலம்,
பருத்துக் கிடக்கிறது ஒவ்வொன்றும்.
துடைக்கப் போன என் கையை
அவன் பிடித்துக்கொண்டான்.

அந்த விண்மீனை யாரும் பார்த்ததில்லை.
பார்க்கப் போவதுமில்லை.
அது கடந்தது, பின்னாலிருந்த வெளிச்சம் கொஞ்சம் பருத்தது,
அவ்வளவுதான்.
இப்படிப் பதினாறு வருட ஏற்ற இறக்கங்கள்.
எல்லாம் சேர்ந்து ஒரு சராசரி எடை:
நம் சூரியனில் மூன்றில் ஒரு பங்கு.
பிழை இரண்டு பக்கமும் அதிகம்.

"அப்போ அங்கயும் பொடிசுதான் கூடுதல்,"
என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.
சாளையை நினைத்திருப்பான்.

ராத்திரி ஜெனரேட்டர் நின்றபின்
சுருள் நோட்டைக் கூட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள்,
கணக்கு படித்தவள் என்று.
குவைத் மாமாவின் ஐம்பதாயிரத்தை
மைக்கில் வாசித்தது ஊருக்கே கேட்டது.
அது முதல் பக்கத்தோடு சரி.
பிறகு இருநூறு, ஐநூறு, இருநூறு,
நூறு, இருநூறு,
டார்ச் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாய்.
கீழே வந்த தொகையை நான் நம்பவில்லை.
மறுபடி கூட்டினேன். அதேதான்.

கடைசியில் ஒட்டாத ஒரு உறை,
உள்ளே இருநூறு ரூபாய்.
பெயர் இல்லை.
"எழுது பிள்ளே," என்கிறாள் அம்மா.
எழுதினேன், இருநூறு என்று.
இடப்பக்கம் பேனா நிற்கிறது.